என் பொய் வேண்டுதலும் மயிலம் மலையும்

எங்கள் ஊரில் மலை கிடையாது. புதுச்சேரிக்காரர்களுக்கு ஏற்றம் என்றால் கோரிமேடுதான். அதைச் சைக்கிளில் ஏறிவிட்டு வந்தாலே மூச்சு வாங்குகிறது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வோம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து மாதம் ஒரு நாள் பஸ் பிடித்துப் போய் ஏழு வருஷத்துக்கு மேல் நான் ஒரு மலை ஏறினேன். திண்டிவனம் போகும் வழியில் இருக்கிற மயிலம் முருகன் மலை. ஏற்காடு, ஏலகிரி பார்த்தவர்கள் அதை மலை என்று சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்கு அந்த உயரம் போதுமானதாக இருந்தது. ஆனால் ஏறுவதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பொய்யால் என் கணவரின் தலைமுடி போன கதை இது.

பிரெஞ்சுக் கொடி இறங்கின மறு வருஷம் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. சும்மா வருமா? வீட்டில் நாங்கள் ஐந்து பேர். என் கணவர், மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள், நான். கணவர் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. பதினைந்து வருஷம் பிரெஞ்சிலேயே எழுதிப் பழகின கை. திடீரென்று எல்லாம் இங்கிலீஷ், பரீட்சை எழுதிப் பாஸ் பண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முப்பத்தெட்டு வயதில் மனிதர் இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆடி ஆடிப் படிப்பார். என் பெரிய பெண் பக்கத்தில் உட்கார்ந்து தன் பாடத்தைப் படித்தால், "சத்தம் போடாத" என்று அவளுக்கு அடி விழும். அடிக்கு நடுவில் நான் போனால் எனக்குத் திட்டு விழும்.

மாமியார் கதை வேறு. அவருடைய இரண்டாவது மகன், என் கொழுந்தன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தான். முதலில் சைகோன், பிறகு ஆப்பிரிக்காவில் அல்ஜேரி. அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். கடிதம் வந்த வாரம் மாமியாரைப் போல நல்லவர் உலகத்தில் கிடையாது. கடிதம் வராத வாரத்தில் என் ரசத்தில் உப்பு கூடுதல், துடைப்பம் வைத்த இடம் தப்பு, நான் உட்கார்ந்தால் தப்பு, நின்றால் தப்பு. மகனை நினைத்துப் பயந்துபோய்த்தான் இப்படிக் குதிக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தால் மட்டும் ஆத்திரம் வராதா? எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பாத்திரம் துலக்கும் சத்தத்தை வைத்தே என் கோபம் எத்தனை என்று தெருவில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அடுத்த வீட்டில் ஒரு நர்ஸம்மா குடியிருந்தார். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பவர். என் இரண்டு பெண்களையும் கையில் வாங்கினவர் அவர்தான். கிறிஸ்தவர், கல்யாணம் ஆகாதவர், ஐம்பது வயதிலும் கோவில் தேர் மாதிரி இல்லாமல் குதிரை மாதிரி நடப்பார். தலைவலிக்கு மாத்திரை கேட்டுப் போனேன்.

"மாத்திரையும் வேணாம் மண்ணும் வேணாம். நீ வீட்டவுட்டு வெளிய வந்து எத்தினி நாளாச்சி?" என்றார்.

"மார்க்கெட்டுக்குப் போறனே."

"அது வேலை. நான் சொல்றது சும்மா நடக்கறது. லீவு நாள்ல நான் மயிலம் போயி மலை ஏறிட்டு வருவேன். அன்னிக்கு ஆஸ்பத்திரிய நெனைக்கவே மாட்டேன். எங்கூட வா."

சும்மா நடக்கிறதா! எங்கள் தெருவில் மருமகள் சும்மா நடந்து யார் பார்த்திருக்கிறார்கள்? கடற்கரைக்குப் போனால்கூட "யாரு, அந்த வீட்டு மருமகதானே, என்னா சண்டையாம்?" என்று நான் திரும்பி வருவதற்குள் சேதி வீட்டுக்கு வந்துவிடும். அதைச் சொன்னேன்.

நர்ஸம்மா கொஞ்சம் யோசித்தார். "மயிலத்துல உங்க முருகன்தானே இருக்காரு? வேண்டுதல்னு சொல்லு. வேண்டுதல்னா உங்காளுங்க மறிச்சுப் பேச மாட்டாங்களே."

ஐயோ, அந்த யோசனை எனக்கு ஏன் தோன்றவில்லை! எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதற்காக வேண்டிக்கொண்டோம் என்பதை நிறைவேறும்வரை சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. யாரும் கேட்கவும் கூடாது. அன்று இரவு சாப்பாடு போட்டுக்கொண்டே, "கிருத்திகைக்குக் கிருத்திகை மயிலம் மலை ஏறி வர்றதா வேண்டிக்கிட்டு இருக்கேன். நர்ஸம்மா தொணைக்கு வர்றாங்க" என்றேன். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. என் கணவர் புத்தகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. தன் பரீட்சைக்காகத்தான் என்று நினைத்துவிட்டார். மாமியாரோ மறுநாளே தெருவில், "மூணாவதாவது ஆம்பளப் புள்ளையா பொறக்கணும்னு மருமவ வேண்டிக்கிட்டு இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வாயே திறக்கவில்லை.

அந்த மலையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எல்லாரும் முன்பக்கப் படியில் ஏறுவார்கள். நர்ஸம்மாவும் நானும் முதலில் அடிவாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பின்பக்கம் பாறையும் முள்ளுமாக இருக்கிற ஒற்றையடிப் பாதையில் ஏறுவோம். முதல் தடவை பாதியில் தொடை நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். நர்ஸம்மா "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். பிரெஞ்சில் மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். பிரசவ வலியில் கத்தும்போதும் அவர் எனக்கு அதையேதான் சொன்னார். மேலே ஒரு தட்டைப் பாறை இருந்தது. அதில் உட்கார்ந்தால் கீழே ஏரி, பனைமரங்கள், வயல், எறும்பு மாதிரி ஊர்கிற எங்கள் பஸ். காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்கும். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சில நாள் வீட்டில் எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்ப்பேன். நர்ஸம்மா கொய்யாப்பழம் கடித்துக்கொண்டே கேட்பார். பிறகு நான் கோவிலுக்குள் போய் ஒரு கும்பிடு போட்டு, "பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்க முருகா" என்று சொல்லிவிட்டு வருவேன். நர்ஸம்மா வெளியே செருப்புக்குக் காவல் இருப்பார். இறங்கும்போது தலைவலி இருக்காது. பசி மட்டும் இருக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நாள் இல்லையென்றால் மீதி நாட்களில் அந்த வீட்டில் நான் யார் மண்டையையாவது உடைத்திருப்பேன்.

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் கையில் அல்வாப் பொட்டலத்தோடு, வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். "பாஸாயிட்டேன்! ஒன் வேண்டுதல் பலிச்சுடுச்சு!"

எனக்குச் சந்தோஷம்தான். பாவம், அந்த மனிதர் பட்ட பாடு எனக்குத் தெரியாதா? ஆனால் உடனே மாமியார், "அப்போ வர்ற கிருத்திகைக்குப் போயி வேண்டுதலச் செலுத்தி முடிச்சுட்டு வந்துடு. அப்புறம் எதுக்கு மாசா மாசம் அலையணும்?" என்றாரே, அங்கேயே என் உயிர் போய்விட்டது. முடித்துவிடுவதா? என் மலையையா? ஓவென்று அழுதுவிட்டேன். "ஆனந்தக் கண்ணீர்" என்று என் கணவர் பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னார்.

"சரி, என்னா செலுத்தறதா வேண்டிக்கிட்ட? இனிமே சொல்லலாமே" என்றார் மாமியார்.

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் யோசித்தே பார்க்கவில்லை. பால்குடம் என்று சொல்லியிருக்கலாம். தேங்காய் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த மாதமே முடிந்துபோய்விடுமே! முடிக்க முடியாத ஏதாவது சொல்ல வேண்டும். எதிரே என் கணவர் நின்றார். எண்ணெய் தடவி, பக்கவாட்டில் வகிடு எடுத்து, வாரி விட்ட முடி. அந்த முடிக்காக அவர் தினமும் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம் நிற்பார். என் வாய் சும்மா இருந்ததா?

"அவருக்கு மொட்டை போடறதா" என்றேன்.

மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கை தானாகத் தலைக்குப் போயிற்று. "எனக்கா? எனக்கேன்டி?" என்றார். பிறகு அவருக்கே வெட்கமாகிவிட்டது. "செலுத்தலாம், செலுத்தலாம். இப்பதான் புது ஆபீசரு வந்திருக்காரு. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். நான் நினைத்தது அதேதான். அவர் தயாராகும்வரை மலை என்னுடையது. தை போயிற்று, பங்குனி போயிற்று. ஆபீசில் விசேஷம், தங்கை வீட்டுக் கல்யாணம், ஜலதோஷம் என்று அவருக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் கிடைத்தது. நான் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அல்ஜேரியிலிருந்து கடிதம் வருவது நின்றுபோயிற்று. இரண்டு மாதம், மூன்று மாதம், நான்கு மாதம். மாமியார் என்னைத் திட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். அதுதான் என்னைக் கலக்கிற்று. ரசத்தில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தேன். ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டு எழுந்து போனார். ஒரு நாள் காலையில் தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போனதும், மாமியார் என் கணவரின் முன்னால் வந்து நின்றார்.

"வேண்டுதலச் செலுத்தாம வச்சிருக்கோம்டா. அதான் சாமி கோவிச்சுக்கிச்சு. ஒம் முடி பெருசா, ஒந் தம்பி பெருசா?"

நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வேடிக்கையாகச் சொன்ன பொய் அந்தத் தாயின் வயிற்றில் போய் நெருப்பாக உட்கார்ந்துவிட்டதே! உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. சொன்னால் மலையும் போகும், மானமும் போகும். அதனால் சொல்லவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அடுத்த கிருத்திகைக்கு நாங்கள் மூன்று பேர் கிளம்பினோம். நர்ஸம்மாவுக்கு அன்று டூட்டி. மாமியார் ஊரை விட்டு வெளியே போய்ப் பல வருஷம் ஆகிறது. கோரிமேட்டில் பஸ் நின்றதும் அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மளமளவென்று இறங்கிவிட்டார். என்னடா என்று பார்த்தால், பழைய சுங்கச் சாவடிக் கொட்டகையின் முன்னால் போய் நின்று மூட்டையை அவிழ்க்கிறார்! முன்பெல்லாம் எல்லை தாண்டும்போது சாமான்களைப் பிரித்துக் காட்டாமல் யாரும் போக முடியாது. அதெல்லாம் எடுத்து நாலு வருஷமாகிவிட்டது, கொட்டகையில் ஒரு ஆடும், இளநீர் விற்கிற ஒருவரும்தான் இருந்தார்கள்.

"பாருப்பா, நல்லா பாத்துக்க. தேங்கா, சூடம், சந்தனம். வேற ஒண்ணும் இல்ல" என்றார் மாமியார். இளநீர்க்காரர் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, மூட்டையை எட்டிப் பார்த்து, "சரியா இருக்குதும்மா, போங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. மூட்டையின் அடியிலிருந்து ஒரு தொப்பி வெளியே விழுந்தது. என் கொழுந்தன் பழைய லீவில் விட்டுப்போன பட்டாளத்துத் தொப்பி. மொட்டை போட்ட பிறகு பெரியவனுக்கு வெயில் படக் கூடாது என்று மாமியார் எடுத்து வந்திருந்தார். அதைத் தட்டி, மண்ணைத் துடைத்து, மறுபடி அவர் மடித்து வைத்தபோது யாரும் சிரிக்கவில்லை.

மயிலத்தில் மலை அடிவாரத்திலேயே என் கணவர் மொட்டை போட உட்கார்ந்தார். முதல் கொத்து முடி விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். என்னால் பார்க்க முடியவில்லை. "அத்தை, வாங்க, அதுக்குள்ள நாம ஏறிட்டு வந்துடலாம்" என்றேன். பின்பக்கப் பாதையில் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். நான் "தூஸ்மான், தூஸ்மான்" என்றேன். "எனக்கேவா பிரெஞ்சு சொல்லித் தர்ற?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். பல மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சிடுசிடுப்பு. எனக்குத் தேன் மாதிரி இருந்தது.

தட்டைப் பாறையில் இருவரும் உட்கார்ந்தோம். கீழே என் கணவரின் தலை சந்தனம் பூசி வெயிலில் மின்னிற்று. என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அத்தை, நான் வேண்டிக்கவே இல்ல. வீட்ல மூச்சு முட்டுது, மலை ஏறணும்னு பொய் சொன்னேன். மொட்டையும் பொய்தான். சாமி கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. தம்பிக்கு ஒண்ணும் ஆயிருக்காது. என்னைய அடிங்க" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

மாமியார் என்னைப் பார்த்தார். கீழே மின்னுகிற தலையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கண்டதே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அடிப் பாவி! இத வாசல்லயே சொல்லியிருந்தா எம் புள்ள முடியாவது பொழச்சிருக்குமேடி!" என்றார். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று சொல்ல முடியாது. நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். வெகு நேரம் கழித்து, "இங்க காத்து நல்லாத்தான் இருக்குது" என்றார். என் கணவரிடம் கடைசிவரை அவர் மூச்சு விடவில்லை.

கொழுந்தனிடமிருந்து அடுத்த வாரமே கடிதம் வந்தது. காலில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தானாம், இப்போது நடக்கிறானாம். "பாத்தியா, எம் முடி வேலை செஞ்சுது" என்று என் கணவர் தம்பியின் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். மாமியார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

எனக்குத்தான் எல்லாம் முடிந்துபோயிற்று. வேண்டுதல் செலுத்தியாகிவிட்டது. நர்ஸம்மாவையும் காரைக்காலுக்கு மாற்றிவிட்டார்கள். இனி எந்தச் சாக்கில் போவது, யாரோடு போவது? கிருத்திகைக்கு முதல் நாள் மத்தியானம் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகத் துலக்கிக்கொண்டிருந்தேன். அப்போது மாமியார் கூடத்தில் என் கணவரிடம் சொல்வது கேட்டது.

"நானும் ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன். கிருத்திகைக்குக் கிருத்திகை மயிலம். தொணைக்கு இவ வரணும்."

"யாருக்கும்மா மொட்டை?" என்றார் என் கணவர். அப்போதுதான் முளைக்க ஆரம்பித்திருந்த தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"கேக்கக் கூடாதுடா" என்றார் மாமியார்.

கொழுந்தன் நல்லபடியாகத் திரும்பி வரத்தான் என்று நாங்கள் எல்லாரும் புரிந்துகொண்டோம். அதற்குப் பிறகு நாலு வருஷம் அத்தையும் நானும் ஏறினோம். முள்ளைக் காலால் ஒதுக்கிக்கொண்டு அவர் முன்னால் போவார், நான் பின்னால். அன்று மட்டும் வீட்டில் மீன் கிடையாது. தேங்காய்த்திட்டுக் குப்பத்து மீன்காரி வாசலில் வந்து கூவும்போது அத்தை காதைப் பொத்திக்கொள்வார். பஸ் கோரிமேட்டில் நின்றால் இளநீர்க்காரர், "மூட்டையக் காட்டிட்டுப் போங்கம்மா" என்று கத்துவார். அத்தையும் சளைக்காமல் பஸ் ஜன்னலில் மூட்டையைத் தூக்கிக் காட்டுவார். பாறையில் உட்கார்ந்து என் முகத்துக்கு எதிரேயே என்னைப் பற்றி எனக்கே குறை சொல்வார். நானும் விட மாட்டேன், திருப்பிச் சொல்வேன். இறங்கும்போது இருவருக்கும் பசி எடுக்கும்.

அல்ஜேரியில் சண்டை முடிந்தது, கொழுந்தனும் வந்து சேர்ந்தான். அறுபத்திரண்டாம் வருஷம் அது. லேசாகக் கால் தாங்கி நடந்தான். மற்றபடி முழு ஆள். வந்ததும் ஒரு வாரம் மீனாகத் தின்று தூங்கினான். வீடே கொண்டாட்டம். நானும் சிரித்துக்கொண்டு வறுவலும் குழம்புமாகப் போட்டேன். ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் பக்கென்றது. அத்தையின் வேண்டுதல் பலித்துவிட்டதே. இந்தத் தடவை உண்மையாகவே முடிந்துபோயிற்றே. ஆள் உயிரோடு வந்து நிற்கிறான், நான் மலை போய்விடுமே என்று கவலைப்படுகிறேன். என்ன ஜென்மம் நான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அந்தக் கிருத்திகைக்குப் போனோம். பாறையில் உட்கார்ந்ததும் நானே கேட்டுவிட்டேன். "அத்தை, தம்பிதான் வந்துட்டாரே. இன்னிக்கே செலுத்தி முடிச்சுடலாமா? என்னா வேண்டிக்கிட்டீங்க?"

அத்தை கீழே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கடி வேண்டிக்கிட்டேன்?" என்றார். "அவனக் கொண்டாந்து உடுன்னு கேட்டுட்டு, அவன் வராமப் போயிருந்தா? அந்தச் சாமி மூஞ்சிய அப்புறம் நான் எப்பிடிப் பாப்பேன்? பயம்டி எனக்கு. நாலு வருசமா வாயத் தொறந்து ஒண்ணுமே கேக்கல. வந்தேன், ஏறினேன், ஒங்கூட ஒக்காந்தேன், எறங்கினேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மூட்டையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து, புடவையில் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"வேண்டிக்காதது எப்பிடி முடியும்? அடுத்த கிருத்திகை செவ்வாக்கெழமை வருது. வேற வேலை வச்சிக்காத" என்றார்.